அந்த மகிழ்ச்சி யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் எனக்குத் திருமணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அதற்கு முந்தைய வாரமே போனில், "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், பொண்ணை அனுப்பிவச்சாப் போதும்" என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவும் அடுப்படியில், "இந்த நகைக்கடனை அடைச்சே உங்கப்பா ஓஞ்சுபோயிடுவாரு" என்று என்னிடம் புலம்பினாள். ஆனால் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்ததும் பெரியப்பா, "நம்ம பொண்ணுக்கு எத்தனை பவுனுன்னு சபையில சொல்லிடுப்பா" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா "50 பவுன்" என்றார். சம்பந்தி தலையாட்டினார்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. வரதட்சணையை எதிர்த்துக் கல்லூரி மேடையில் பேசியவள் நான். அன்று இரவு தூக்கமே வரவில்லை. அந்த மகிழ்ச்சி என்னுடையதா, ஊர் எனக்குள் வைத்ததா? பெரியப்பா மகன் அண்ணனுக்கும் இப்போது பெண் பார்க்கிறார்கள். தனியாகப் பேசினால் அவனும் என் கட்சிதான். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

ம.

அன்புள்ள ம.,

அந்த மகிழ்ச்சி உங்களுடையதுதான். ஊர் வைத்ததும்தான். இரண்டையும் பிரித்தெடுக்கப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு வயதிலிருந்து எத்தனை கல்யாண வீடுகளில் "எத்தனை பவுன்" என்ற பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும்! பெண்ணைப் பெற்ற வீடு எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு ஊர் வைத்திருக்கும் அளவுகோல் அது. உங்கள் அப்பா எண்ணைச் சொன்னபோது, 'இவள் எங்களுக்கு இவ்வளவு முக்கியம்' என்று எல்லார் முன்னாலும் சொன்னதாகவே உங்களுக்குக் கேட்டிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, அதற்குச் சற்று முன்பு கூடத்தில் விழுந்த மௌனம். வேண்டாம் என்ற நினைப்போடு அங்கே குறைந்தது மூன்று பேர் இருந்தீர்கள்: அம்மா, சம்பந்தி, நீங்கள். பெரியப்பா மகனும் வந்திருந்தால் நான்கு பேர். ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். தன் மௌனத்தை மட்டும் மரியாதை என்று நினைத்துக்கொண்டீர்கள்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதை எளிமையாகச் சோதித்துப் பார்த்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளம் எதற்குப் பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள். 18 சுற்றுகளில் 12 சுற்றுகளில் அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னார்கள். நடப்பது தெரியாத அந்த ஒருவர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில் அவர்களோடு சேர்ந்து தவறாகவே சொன்னார். பிறகு பேசிப் பார்த்தபோது, எத்தனை முறை தாங்கள் வளைந்தோம் என்பதை வளைந்தவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். கடைசிவரை வளையாதவர்கள் கால்வாசிப் பேர்.

இந்தச் சோதனையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொண்டு, மனிதன் ஆட்டுமந்தை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆஷ் இன்னொன்றும் செய்தார். சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணையை அந்த அறைக்குள் உட்காரவைத்தார். வளைவது முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. எதிரே இருந்த கூட்டம் கூட்டமாகவேதான் இருந்தது.

கோட்டின் நீளத்தில் தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை, பெண்ணின் வாழ்க்கையில் அப்படியா என்று கேட்பீர்கள். சரிதான். அதனால் சீனாவுக்குப் போவோம்.

அங்கே நூற்றாண்டுகளாகப் பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிவந்தார்கள். ஐந்தாறு வயதில் கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீண்ட துணியால் இறுக்கிச் சுற்றுவார்கள். எலும்பு முறியும், சீழ் பிடிக்கும். கட்டியது பெரும்பாலும் பெற்ற தாய். 'ஒரு ஜோடி சிறு பாதம், ஒரு தொட்டிக் கண்ணீர்' என்று அவர்களே பழமொழி வைத்திருந்தார்கள். வலி என்னவென்று தாய்க்குத் தெரியும், அவள் காலும் அப்படி ஆனதுதானே. ஆனாலும் கட்டாத கால் கொண்ட மகளை யார் கட்டிக்கொள்வார்கள்? தன் மகளை மட்டும் விட்டுவிட்டால் அந்தக் குழந்தையின் வாழ்க்கை போய்விடும். அன்புதான் அந்தக் கையை இயக்கியது. உங்கள் அம்மாவை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நகைக்கடனை நினைத்துப் புலம்பியவள், சபையில் ஏன் வாயடைத்துப்போனாள் என்று புரியும்.

17ஆம் நூற்றாண்டில் காங்ஷி பேரரசர் இந்த வழக்கத்துக்குத் தடை விதித்தார். ஊர் கேட்கவில்லை. 1668இல் தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அசைத்துப் பார்த்தவை பின்னால் வந்த சங்கங்கள். 1870களில் சியாமென் துறைமுக நகரில் ஒரு மிஷனரியின் முயற்சியில் சிறிதாகத் தொடங்கியது. 1895இல் ஷாங்காயில் ஆங்கில எழுத்தாளர் ஆலிசியா லிட்டில் முதலியோர் பெரிய சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். காங் யூவெய் போன்ற சீனச் சீர்திருத்தவாதிகளும் சங்கம் கண்டார்கள். இத்தகைய சங்கங்களில் சேர்ந்த குடும்பங்கள் எடுத்த உறுதிமொழிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எங்கள் மகள்களுக்குக் கால் கட்டமாட்டோம் என்பது அதன் முதல் பாதி. கால் கட்டிய பெண்ணை எங்கள் மகன்களுக்கு எடுக்கமாட்டோம் என்பது இரண்டாம் பாதி. அந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் தியாகம். அது சேர்ந்ததும், கட்டாத காலுக்கும் மாப்பிள்ளை உண்டு என்ற நிலை வந்துவிட்டது.

பெய்ஜிங்குக்குத் தெற்கே திங்சியன் என்ற கிராமப்புற வட்டாரத்தில், 1890க்கு முன் பிறந்த பெண்களில் 99 சதவீதம் பேருக்குக் கால் கட்டப்பட்டிருந்தது. 1919க்குப் பின் பிறந்த சிறுமிகளிடம் அது அறவே இல்லை. நடுவில் புதிய பள்ளிகள் வந்தன, 1912இல் வந்த குடியரசு அரசும் தடை செய்தது. அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் தடை மட்டும் போதுமென்றால் காங்ஷி காலத்திலேயே முடிந்திருக்கும். நம் நாட்டிலும் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது.

நம் ஊரிலும் உறுதிமொழி வேலை செய்திருக்கிறது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானித்தார்கள். மேடையிலேயே பலர் துறந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பொது வாழ்க்கையில் இருப்பவர் பட்டத்தோடு பெயர் போட்டால் கூச்சம் அவருக்குத்தான். பெயரைவிட்டுச் சாதி போனது, சம்பந்தத்தைவிட்டுப் போகவில்லை. சாதி மறுப்புத் திருமணத்தையும் அந்த இயக்கம் வலியுறுத்தவே செய்தது. ஆனால் பட்டத்தைத் துறக்கத் தனி ஒருவர் போதும். சம்பந்தத்துக்கு இரண்டு குடும்பம் வேண்டும். அந்த இரண்டாம் பாதியை நாம் இன்னும் எழுதவில்லை.

உங்கள் வீட்டில் அதை எழுத முடியும் என்று நினைக்கிறேன். நீங்கள் தனியாக எழுந்து நின்று நகை வேண்டாம் என்றால், 'பொண்ணு படிச்ச திமிரு' என்று பேச்சு முடிந்துவிடும், அடி அம்மாவுக்கு விழும். முதலில் மாப்பிள்ளையிடம் பேசுங்கள். அவருடைய அப்பா போனில் சொன்னதை நிச்சயதார்த்தத்தன்று பெரியவர்கள் முன்னால் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். புதிதாக எதையும் அவர் சொல்ல வேண்டியதில்லை, சொன்னதையே சொன்னால் போதும். அதே கூடத்தில் உங்கள் அண்ணனும், "எனக்குப் பார்க்கிற இடத்துல யாரும் பவுன் கேக்கக் கூடாது" என்று தன் அப்பா காதுபடச் சொல்லட்டும். பெண் வீட்டுக்காரர் சொன்னால் இல்லாதவர் பேச்சு என்பார்கள். மகனைப் பெற்ற வீட்டிலிருந்து வந்தால் அப்படித் தள்ள முடியாது. அண்ணன் தயங்குவான். உங்கள் கடிதத்தை அவனிடமும் காட்டுங்கள். முடிந்ததும் எழுதுங்கள்.