கடலுக்குப் போகும் ஆண்களிடம் சுன்னத் பற்றி எப்படிப் பேசுவது?

எச்.ஐ.வி. தடுப்புக்காக, வயது வந்த ஆண்களைச் சுன்னத்துக்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சதவீதம் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். எத்தனை நாள் தொழில் கெடும் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் வருவார்கள்.

நான் பாம்பன்காரன், விசைப்படகுத் தொழில். ஆணுறுப்பின் முன்தோல் இறுக்கத்துக்காக முப்பது வயதுக்கு மேல் சுன்னத் செய்துகொண்டேன். அதற்கப்புறம் கரையில் வலை பார்க்கிற சாக்கில் பையன்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாக விசாரிப்பார்கள். "அண்ணே, வலிக்குமா? எப்ப மறுபடி கடலுக்குப் போகலாம்?" எய்ட்ஸ் என்ற பேச்சு அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் வரும்.

விஷயம் இதுதான். முன்தோலின் உட்பக்கம் மெல்லிய சவ்வு. எச்.ஐ.வி. பற்றிக்கொள்ளும் செல்கள் அங்கே மேலாகவே இருக்கின்றன. தோலை எடுத்துவிட்டால் அந்த வழி குறைகிறது. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ரகாய் என்று மூன்று இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் வரை குறைந்தது. அதை வைத்துத்தான் 2007இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. அதுவும் தொற்று மிக அதிகமாகவும் சுன்னத் வழக்கம் குறைவாகவும் இருக்கும் பகுதிகளுக்கு. நம் நாட்டில் பரவல் குறைவு, அரசுத் திட்டமாக இது இங்கே இல்லை. அதனால் தெருத்தெருவாக மைக் கட்டிக் கூப்பிட வேண்டியதில்லை. கேரளா, மங்களூர் பக்கம் போய் மாசக்கணக்கில் தங்கித் தொழில் பார்க்கிறவனிடம் தனியாகப் பேசலாம். ஏற்கெனவே தோல் இறுக்கத்தால் அவதிப்படுகிறவனுக்கு ஒரே அறுவையில் இரண்டு லாபம்.

கிசுமு எனக்குப் பிடித்த உதாரணம். விக்டோரியா ஏரிக்கரை ஊர், ஏரியில் மீன்பிடிக்கிறவர்கள் நிறைய. அங்குள்ள லுவோ மக்களுக்குச் சுன்னத் வழக்கமே கிடையாது, அது பக்கத்து இனத்தாருடையது. முதலில் லுவோ பெரியவர்கள் எதிர்த்தார்கள். பிறகு அவர்களிலேயே பெரிய அரசியல் தலைவரான ரெய்லா ஒடிங்கா வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். அப்படியும் எல்லாரும் வந்துவிடவில்லை. கென்யாவில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கூலி இழப்பையும் போக்குவரத்துச் செலவையும் ஈடுகட்ட உணவுக் கூப்பன் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதலாக ஆண்கள் வந்தார்கள். ஏரியாக இருந்தாலும் கடலாக இருந்தாலும் வயிறு ஒன்றுதானே!

நம் பக்கத்தில் அந்தக் கூப்பனுக்குப் பதில் தடைக்காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓரிரு நாள் படுத்துக்கொண்டு, தளர்வான கைலியோடு நடமாடலாம். கயிறு இழுக்கிற, ஐஸ் பெட்டி தூக்குகிற வேலையை டாக்டர் சொல்லும் வரை தொடக்கூடாது. உண்மையான தொந்தரவு ஊசியில் இல்லை, விடியற்காலையில் தானாக விறைக்கும்போது தையல் இழுக்கும் பாருங்கள், அதில்தான். இதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அடுத்த ஆள் வரமாட்டான்.

ஆறு வாரம் உடலுறவு கூடாது. புண் ஆறுவதற்குள் சேர்ந்தால் தொற்று வருவதற்கு வழி கூடும். அதனால் மனைவியையும் கூட்டிப்போய் டாக்டரிடம் பேசுங்கள். வீட்டில் தெரியாமல் செய்தவன் ஆறு வாரத்துக்கு என்ன காரணம் சொல்வான்?

மதம் மாறிவிட்டான் என்று பேசுவார்களோ என்ற பயமும் உண்டு. இந்தக் கரையில் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கு பார்த்தாலும் முஸ்லிம்களோடு மாமன் மச்சானாகத்தான் பழகுகிறோம். என் கூட்டாளி ஒருவன் கீழக்கரைக்காரன், என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாப்ள, எனக்குச் சின்ன வயசுலயே மாலை போட்டு மார்க்கக் கல்யாணம் முடிச்சுட்டாங்க. நீ இந்த வயசுல இப்படி நடுங்குறே!" சுன்னத்தைத்தான் அவர்கள் மார்க்கக் கல்யாணம் என்பார்கள். பயம் போக அந்தக் கேலி எனக்குப் போதுமாக இருந்தது.

சொல்லாமல் விடக்கூடாதது ஒன்று. இது வாய்ப்பைக் குறைக்கும், அடைத்துவிடாது. ஆணுறை அப்படியே தொடர வேண்டும். ஏற்கெனவே தொற்று உள்ள ஆண் செய்துகொண்டாலும் மனைவிக்குப் பாதுகாப்பு கிடைப்பதில்லை, ரகாயில் 2009இல் வெளியான சோதனை அதைத்தான் காட்டியது. அவருக்குத் தேவை எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.). ஆகவே முதலில் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இலவசம், முடிவை வெளியில் சொல்லமாட்டார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097க்கு அழைத்துக் கேட்கலாம்.

படகு முதலாளியோ மாமனாரோ நெருக்கினால் அது விருப்பம் ஆகாது, அப்படிப்பட்டவனை நான் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. தானாக வருகிறவனிடம் சர்க்கரை இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுவேன். புண் ஆறத் தாமதமாகும், டாக்டர் அதைப் பார்த்துத்தான் தேதி கொடுப்பார்.