வாசகர் கேள்வி – பதில்: தபால் தாமதம் அல்ல

கேள்வி: டெக்சாஸில் வசிக்கும் என் அண்ணன் பிள்ளைகளுடன் காணொளியில் பேசியபோது, ஜூன் 19 அன்று தங்களுக்கு ‘ஜூன்டீன்த்’ விடுமுறை என்றார்கள். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள், “அமெரிக்காவின் சுதந்திர தினம் ஜூலை 4 ஆயிற்றே, இது எதற்கு?” என்று கேட்கிறாள். அடிமை முறையைப் பற்றி இந்த வயதில் எவ்வளவு சொல்லலாம்?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: உங்கள் மகள் கேட்டதற்கு மிக நெருக்கமான கேள்வியை, அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1852-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகர மேடையில் எழுப்பினார், ஜூலை 4 என்னும் நாள் ஓர் அடிமைக்கு என்னவாக இருக்க முடியும் என்பதே அவர் கேள்வி. 1776-இல் நாடு விடுதலையை அறிவித்துக்கொண்டது, நாட்டுக்குள் அடிமைகளாக இருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்று மகளிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.

உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று லிங்கன் பிறப்பித்த ஆணை 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் அமெரிக்க அரசின் படைத்தளபதி கோர்டன் கிரேஞ்சர் அதை அறிவித்ததோ 1865 ஜூன் 19 அன்று. அந்த நாள்தான் ஜூன்டீன்த். இந்த இரண்டரை ஆண்டு இடைவெளியைப் பலரும் தபால் தாமதம்போலச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். முதலாளிகளுக்குச் செய்தி தெரியும், அடிமைகளில் பலரின் காதுக்கும் எட்டியிருந்தது. ஆணையை நிறைவேற்றும் படை வந்து சேராதவரை, அங்கிருந்த ஏறத்தாழ 2,50,000 பேருக்கு அது வெறும் காகிதமாகவே இருந்தது. நாடு முழுவதும் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது சட்டத்திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் உறுதியானது. ஜூன் 19 தேசிய விடுமுறையானது 2021-இல்தான். ஆனால் டெக்சாஸ் மக்கள் 1866 முதலே கொண்டாடினர். கூடுவதற்குப் பொது இடம் மறுக்கப்பட்டதால், ஹூஸ்டனில் முன்னாள் அடிமைகள் 1872-இல் தங்களுக்குள் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலத்தையே வாங்கினார்கள். இன்றும் அது பூங்காவாக இருக்கிறது. அண்ணன் பிள்ளைகள் அந்தப் பக்கம் இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எவ்வளவு சொல்வது என்பதற்கு வருகிறேன். ஒன்பது வயதில் சவுக்கும் சங்கிலியும் உள்ள படங்கள் தேவையில்லை, ஆனால் மனிதர்கள் விற்கப்பட்டார்கள், தாயிடமிருந்து பிள்ளை பிரிக்கப்பட்டது என்பதை மறைக்கவும் வேண்டாம். துன்பத்திலிருந்து தொடங்காமல், அதை எதிர்த்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். சிறுவன் டக்ளஸுக்கு எழுத்துக் கற்பிப்பதை எசமானர் தடுத்தபோது, அவன் தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களின் பசிக்கு ரொட்டியைக் கொடுத்து, பதிலுக்கு அவர்களிடமிருந்து எழுத்தைப் பெற்றான். (1920-இல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கிய நம் ஊரில், சோற்றுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைப் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்க வேண்டியிராது.) அடிமையாகப் பிறந்த ஹாரியட் டப்மனோ எழுதப் படிக்க அறியாதவர். 1849-இல் தாம் தப்பிய பிறகு, ஏறக்குறைய 13 முறை மேரிலாந்துக்குத் திரும்பிச் சென்று, சுமார் 70 பேரை மீட்டு வந்தார். இரவு நீண்டிருக்கும் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பார். சனிக்கிழமை புறப்படுவார், ஏனென்றால் ஓடிப்போனவரைத் தேடும் விளம்பரம் திங்கட்கிழமைக்கு முன் அச்சாகாது. இந்த நுணுக்கத்தைக் கேட்ட என் பேரன், அன்றிரவு தூங்காமல் அடுத்த பயணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கேள்வி: எங்கள் பள்ளி மாறுவேடப் போட்டியில் ஒரு சிறுமி ரோசா பார்க்ஸாக வருகிறாள். முகத்தில் கறுப்பு மை பூசலாமா என்று அவள் தாய் கேட்கிறார்.
– ஆசிரியை, தாம்பரம்

பதில்: வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக்கினர். அந்த மையின் வரலாறு அது. மூக்குக்கண்ணாடியும் மேல்கோட்டும் கைப்பையும் போதும்.

உடையைவிட வசனத்தில் கவனம் செலுத்துங்கள். வேலைக் களைப்பால் எழ மறுத்த தையற்காரப் பெண் என்று சொல்வது அவருடைய அரசியலை அழித்துவிடுகிறது: 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமரி பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விடாமல் அமர்ந்தபடியே இருந்த அவர், 1943 முதலே அந்நகரின் கறுப்பின உரிமைச் சங்கக் கிளையில் செயலாளராகப் பணியாற்றியவர். 1955 மார்ச்சிலேயே, 15 வயது கிளாடெட் கோல்வின் அதே நகரில் இருக்கையை விட மறுத்துக் கைதாகியிருந்தாள். மாணவியருக்கு அவளையும் அறிமுகப்படுத்துங்கள். பார்க்ஸ் கைதானபின் 381 நாட்கள் மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தார்கள்.

கேள்வி: அமெரிக்கக் கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஐயா, பெரம்பூரிலிருந்து வடக்கே பழவேற்காடு வெகு தொலைவில்லை. அதைத் தளமாகக் கொண்ட டச்சுக்காரர்கள், 17-ஆம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி, இலங்கைக்கும் படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினர். பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், வணிகர்களின் பெயர் பொறித்த கற்களைக் காண்பார்கள். கப்பலேறியவர்களுக்கு அங்கே கல் இல்லை. பிரிட்டன் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளை விட்டுவிட்டது. 1843-இல் வந்த இந்தியச் சட்டமும், அடிமையின்மீது உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை.

இவ்விரு வரலாறுகளின் உறவை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சாதிக் கொடுமையை எதிர்த்த மராட்டியச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873-இல் ‘குலாம்கிரி’ (அடிமைத்தனம்) என்ற தம் நூலை, அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1959-இல் திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் படித்த பள்ளியொன்றின் தலைமையாசிரியர், மார்ட்டின் லூதர் கிங்கை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ‘நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்’ என்று அறிமுகப்படுத்தினார். முதலில் திடுக்கிட்ட கிங், யோசித்தபின் அது உண்மைதான் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் நம் நாட்டில் 1976-இல் வந்தது. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளிலிருந்து குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை அதற்குப் பிறகும் நாம் படித்திருக்கிறோம். அப்படி மீட்கப்படுவோருக்குக் கோட்டாட்சியர் கையெழுத்திட்டு ஒரு தாள் வழங்குவார். அதற்கு விடுதலைச் சான்றிதழ் என்று பெயர்.