பால்மாவின் மெதேன் யார் கணக்கில்?

கேள்வி: நியூசிலாந்தில் ஆளுக்கொரு மாடு நிக்குது. ஆனால் மெதேன் வருகுதெண்டு வயலை இடைக்கிடை காயவிடச் சொல்லுறது எங்களுக்கு. இரண்டு நாட்டையும் ஒப்பிட்டால் குற்றவாளி ஆர்? (கமக்காரர் ஒருவர், முரசுமோட்டை)

பதில்: இதை எழுதும்போது பக்கத்தில் ஒரு பால்தேத்தண்ணி இருந்திருக்குமே, அதிலிருந்தே தொடங்குவோம். நாம் இறக்குமதி செய்யும் பால்மாவில் பெரும்பங்கு நியூசிலாந்திலிருந்து வருகிறது. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் கணக்கிலோ, பூமியைச் சூடாக்கும் மெதேன் போன்ற வாயு எந்த மண்ணில் வெளியேறியதோ அந்த நாட்டின் பெயரில்தான் பதிவு. பாலைக் குடித்தவர் யார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

அந்தப் பால்மாப் பைக்கற்றையே நிறுப்போம். ஐ.பி.சி.சி. எனப்படும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவின் 2006 வழிகாட்டி, நியூசிலாந்துப் பக்கத்துக் கறவைமாடு ஒன்று ஆண்டுக்கு 90 கிலோ மெதேன் ஏப்பம் விடும் என்கிறது. அது தரும் பால் ஆண்டுக்கு 4,000 லீற்றருக்குக் குறையாது. ஆக லீற்றருக்கு 22 கிராம். ஒரு கிலோ பால்மாவுக்கு 8 லீற்றர் அளவு பால் தேவை என்பதால், 400 கிராம் பைக்கற் ஒன்றில் ஏறத்தாழ 70 கிராம் மெதேன். கன்று, கிடாரிகளின் பங்கு இதில் சேரவில்லை, சேர்த்தால் கூடும். நம் பக்கத்து மாட்டுக்கு அதே வழிகாட்டி 58 கிலோதான் போடுகிறது. மாட்டை மாட்டோடு ஒப்பிட்டால் நீங்கள் வென்றீர்கள். ஆனால் பால் ஆண்டுக்கு 900 கிலோ. லீற்றருக்கு 66 கிராம் அளவு வருகிறது. குறைவாகக் கறக்கும் மாடு தின்பதில் பெரும்பகுதி தன் உயிரைக் காப்பாற்றவே போய்விடுகிறது. வன்னியின் பட்டிமாடு பல இந்த 900ஐயும் எட்டுவதில்லை.

தலைக்கணக்கு வேறு கதை. 50 இலட்சம் சொச்சம் மக்கள் உள்ள நியூசிலாந்தில் பச்சைவீட்டு வாயுவின் ஏறக்குறைய பாதி கமத்திலிருந்து வருகிறது. அந்த நாட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2017இன் அளவிலிருந்து 2030க்குள் மெதேனை 10 வீதம் குறைப்பதென்று 2019இல் சட்டமே எழுதினார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது அதைத்தான். ஒப்பிடும்போது அளக்கும் படியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மெதேன் 100 ஆண்டுக் கணக்கில் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம், 20 ஆண்டுக் கணக்கில் 80 அளவு. ஒரு நாட்டைச் சின்னப் படியாலும் மற்றதைப் பெரிய படியாலும் அளந்துவிட்டுச் சண்டை பிடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் வயல். தெற்காசிய வயலுக்கு ஐ.பி.சி.சி.யின் 2019 திருத்தம் தரும் எண், தொடர்ந்து தண்ணீர் நின்றால் ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மெதேன். 105 நாள் நெல்லுக்கு ஏக்கரில் 36 கிலோ அளவு. பல தடவை காயவிட்டால் அதில் 55 வீதம், அதாவது 20 கிலோ. மிச்சப்படும் 16 கிலோ என்பது இருநூறுக்கு மேற்பட்ட பால்மாப் பைக்கற்றின் மெதேன்.

தண்ணீரை விட மோசமானது வைக்கோல், அதைப்பற்றி நீங்கள் கேட்கவேயில்லை. ஏக்கருக்கு 1,200 கிலோ உலர்ந்த வைக்கோலை விதைப்புக்கு முந்திய 30 நாளுக்குள் சேற்றோடு மடக்கி உழுதால், அந்த 36 கிலோ 80ஐத் தாண்டும். அதே வைக்கோலை அறுத்த கையோடு, விதைப்புக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே உழுது காயப்போட்டால் 47 அளவில் நிற்கும். காற்றுப் படும் மண்ணில் வைக்கோல் உக்கினால் காபனீரொட்சைட்டாகப் போகும். ஒட்சிசன் இல்லாத சேற்றில் உக்கினால் மெதேனாகி, நெற்தண்டின் காற்றுத்துளைகள் வழியே மேலே வரும். மாசியில் வெட்டிவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு உழவு இயந்திரம் தேடுவதுதான் சிறுபோகத்தில் (குளத்துத் தண்ணீரில் செய்யும் கோடைப் போகம்) நடக்கும் பிழை.

காயவிடுதல் என்றால் வெடிக்கவிடுதல் அல்ல. 30 சென்ரிமீற்றர் நீளமான 4 அங்குல பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணைத் தோண்டி எடுங்கள். உள்ளே நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றருக்கு இறங்கியதும் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டலாம். முதல் மூன்று வாரம் இதைத் தொடவேண்டாம், களை ஏறிவிடும். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் தண்ணீர் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பதர். யூரியாவைத் தண்ணீர் கட்டுவதற்குச் சற்று முன் இடுங்கள்; இட்டபின் வயல் காய்ந்தும் நனைந்தும் கிடந்தால் நைதரசு ஒட்சைட்டு கிளம்பும், அது கிலோவுக்குக் கிலோ மெதேனைப்போல் பத்து மடங்கு.

தனியாளாக இதைச் செய்யமுடியாது என்பதும் உண்மை. வாய்க்காலில் முறைவைத்து விடும் தண்ணீர் வரும் நாள் உங்கள் குழாயைப் பார்த்து வருவதில்லை. கடைவாய்க்காலில் இருந்தால் இன்னும் சிக்கல். சிறுபோகக் கூட்டத்தில், எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் என்று தீர்மானிக்கும்போதே ஒரு வாய்க்கால்காரர் முழுவதுமாகச் சேர்ந்து கேட்கவேண்டும். இரணைமடுக் குளத்தில் மிஞ்சும் தண்ணீரில் இன்னும் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதை அங்கே பேசுங்கள், மெதேனைப் பற்றி வாயே திறக்கவேண்டாம். மழையை நம்பிச் செய்யும் காலபோகத்துக்குக் குழாயைக் கழற்றிக் கொட்டிலில் வையுங்கள். கார்த்திகை மழையில் தாழ்ந்த வயலைக் காயவிடச் சொல்லி யாராவது வந்தால், எங்கே வடிப்பது என்று அவரிடமே கேளுங்கள்.