பேஸ்லிப்பை மெயிலில் அனுப்புகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பேரோல் (சம்பளக் கணக்கு) மென்பொருளிலிருந்தே பேஸ்லிப்பை, அதாவது சம்பளச் சீட்டை, மெயிலில் அனுப்புவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு நூற்பாலைக் கணக்காளர்: மேடம், ஒவ்வொருவர் பிறந்த தேதியையும் பாஸ்வேர்டாக வைத்துத்தான் பிடிஎஃப் அனுப்புகிறோம். அது போதாதா?

போதாது. எட்டு இலக்கம் என்றதும் பெரிதாகத் தெரிகிறது. வேலையில் இருப்பவருக்கு 18 முதல் 60 வயது என்று வையுங்கள். வருடத்துக்கு 365 நாள் வீதம் கணக்குப் போட்டால் மொத்தமே பதினைந்தாயிரத்துச் சொச்சம் தேதிகள்தான். கம்ப்யூட்டர் அதைக் கொஞ்ச நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும். வங்கித் தளம் போல மூன்று தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும் வசதியும் பிடிஎஃப் கோப்புக்குக் கிடையாது. அது ஒருவர் கையில் கிடைத்துவிட்டால் எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் முயலலாம். ஆபீஸ் ஆளுக்கு அந்தச் சிரமமும் இல்லை, போன மாதம்தானே கேக் வெட்டினீர்கள்!

பான் எண் இதைவிடப் பரவாயில்லை. ஆனால் அதன் பத்து எழுத்திலும் யூகிக்க இடம் உண்டு. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து எப்போதும் 'பி'. ஐந்தாவது, குடும்பப் பெயரின் முதல் எழுத்து (நம் ஊரில் அந்தக் கட்டத்தில் சிலர் அப்பா பெயரையும் சிலர் தன் பெயரையும் எழுதியிருப்பார்கள், அது தனிக் கூத்து). அதைவிட, பான் நகல் வீட்டுக்காரர், லோன் ஏஜென்ட் என்று ஊர் முழுக்கக் கிடக்கிறது. அமெரிக்காவிலும் இதே பழக்கம்தான். குயிக்புக்ஸ் டெஸ்க்டாப் என்ற கணக்கு மென்பொருள் அனுப்பும் பேஸ்லிப்புக்கு, குடும்பப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் (அந்த நாட்டு அரசு ஒவ்வொருவருக்கும் தரும் எண்) கடைசி நான்கு இலக்கமும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. பெயர் தெரிந்தவருக்கு மிச்சம் பத்தாயிரம் வாய்ப்புதான்.

வேலைக்குச் சேரும் அன்றே ஊழியர் பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல் ஒரு பாஸ்வேர்டைத் தானே தேர்ந்து மென்பொருளில் பதியட்டும். நான் பார்க்கும் இடங்களில் இப்படித்தான். முதல் மாதம் நாலு பேர் மறந்துவிட்டு வருவார்கள், அப்புறம் பழகிவிடும்.

ஓசூர், உதிரிபாகத் தொழிற்சாலை: பிடிஎஃப் அமைப்பில் கோப்பைப் பூட்டும் குறியாக்க முறை என்று ஆர்சி4 128 பிட், ஏஇஎஸ் 256 பிட் என்று இரண்டு இருக்கிறது. எது?

ஏஇஎஸ் 256. ஆர்சி4 பழசு. இன்னொன்றையும் பாருங்கள். திறப்பதற்கு ஒரு பாஸ்வேர்டு, பிரிண்ட் எடுக்கவும் நகலெடுக்கவும் தடை போட இன்னொன்று என்று இரண்டு கட்டம் இருக்கும். பலர் இரண்டாவதை மட்டும் நிரப்பிவிட்டுப் பூட்டியாயிற்று என்று நினைக்கிறார்கள். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு சீட்டை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தால் தப்பு.

சென்னை, ஹெச்.ஆர்.: மெயிலிலேயே நிகரச் சம்பளத்தையும் பாஸ்வேர்டு எப்படிப் போடுவது என்பதையும் எழுதிவிடுகிறோம் அக்கா, ஊழியர்களுக்கு வசதி என்று.

பூட்டு பிடிஎஃப்புக்கு மட்டும்தான். மெயிலின் தலைப்பும் உள்ளே எழுதும் வரிகளும் அதில் அடங்காது. 'பிறந்த தேதியைப் போடவும், உதாரணம் 01011990' என்று எழுதுவது சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போலத்தான். 'ஜூன் மாதச் சம்பளச் சீட்டு இணைப்பில்' என்ற ஒரு வரி போதும்.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம்: போன மாதம் ஒருவர் சீட்டு இன்னொருவருக்குப் போய்ப் பெரிய சண்டை. எப்படி நடந்தது என்றே புரியவில்லை.

எனக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி இந்த ரகம். மெயிலை வழிமறித்துப் படித்தார்கள் என்று யாரும் வந்ததில்லை. முதலில் எக்செலைப் பாருங்கள். பெயர் இருக்கும் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தினால், பக்கத்துப் பத்தியில் இருக்கும் மெயில் முகவரி நகராமல் அப்படியே நிற்கும். அதை மென்பொருளில் ஏற்றினால் எல்லோருக்கும் அடுத்தவர் சீட்டுதான். அடுத்தது ஒரே பெயரில் இருவர். பெயரை வைத்து இணைக்கவே கூடாது, ஊழியர் எண்ணை வைத்துத்தான்.

புதுப் பட்டியல் ஏற்றிய மாதத்தில், எல்லாச் சீட்டும் உங்கள் முகவரிக்கே வரும்படி ஒரு ஒத்திகை ஓட்டுங்கள். மொத்த எண்ணிக்கை சம்பளப் பட்டியலோடு சரியா, வேலையை விட்டவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். பட்டியல் போட்டவரே அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் இன்னொருவர் அழுத்தட்டும்.

போனது போனதுதான், திரும்ப வாங்க முடியாது. ஜிமெயிலில் அனுப்பியதை ரத்து செய்ய அதிகபட்சம் 30 நொடி உண்டு. மென்பொருள் வழியாகப் போனால் அதுவும் கிடையாது. பெற்றவரிடம் பேசி அழிக்கச் சொல்லுங்கள், யாருடைய சீட்டோ அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. உங்கள் அளவு நிறுவனத்துக்கு அவ்வளவு போடுவார்களா என்பது வேறு பேச்சு, ஆனால் முதலாளியிடம் பேசும்போது அந்த எண் உதவும்.

சேலம், தனியார் பள்ளி அலுவலகம்: பாஸ்வேர்டு சரியாகக் கொடுத்தும் மென்பொருளால் ஜிமெயிலில் நுழைய முடியவில்லை.

வெறும் பாஸ்வேர்டை வைத்து வெளி மென்பொருள் நுழைவதைக் கூகுள் 2022 மே மாதக் கடைசியில் நிறுத்த ஆரம்பித்தது. இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்துவிட்டு, கூகுள் கணக்கிலேயே 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (வெளி மென்பொருளுக்கென்று தரும் தனி பாஸ்வேர்டு) உருவாக்கி அதைக் கொடுங்கள். மென்பொருள் கேட்கும் போர்ட் எண் 587 அல்லது 465. சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 மெயில்தான் போகும்.

பள்ளி முதல்வரின் மெயிலையே இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஆப் பாஸ்வேர்டு தெரிந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் படிக்கலாம். அனுப்பியவை என்ற பகுதியிலும் எல்லோருடைய சீட்டும் மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும். சம்பளத்துக்கென்று தனிப் பெட்டி வைத்து அந்தப் பகுதியை அவ்வப்போது காலி செய்யுங்கள். சொந்த டொமைன் (உங்கள் நிறுவனப் பெயரிலேயே மெயில் முகவரி) இருந்தால், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்று அமைப்புகளையும் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சீட்டு ஸ்பேமில் போய் உட்காரும்.

கரூர், விசைத்தறி: எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு மெயிலே இல்லை. சூப்பர்வைசர் மெயிலுக்கு அனுப்பலாமா? வாட்ஸ்அப்?

சூப்பர்வைசருக்கு வேண்டவே வேண்டாம். யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பிடித்தம் என்பது அவருக்கு எதற்கு? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு அலுவலகப் பெண்ணின் சொந்த போனில் தங்கிவிடும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர் வேறொருவருக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. ஊதியச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. அதற்காக மெயிலில்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. கவரில் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

மதுரை, மருத்துவமனைக் கணக்குப் பிரிவு: சீட்டில் எதையெல்லாம் அச்சடிப்பது?

ஆதார் எண்ணை எடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் கடைசி நான்கு இலக்கம் போதும். பி.எஃப். கணக்குக்கான யூஏஎன் எண் ஊழியருக்கு அடிக்கடி தேவைப்படும், இருக்கட்டும்.

கோவை, பம்ப் தயாரிப்பு நிறுவனம்: 'என் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதம் முதல் புதுக் கணக்கில் போடவும்' என்று ஊழியர் மெயில் அனுப்பினால்?

அந்த மெயிலுக்குப் பதில் எழுதாதீர்கள், அதில் இருக்கும் நம்பருக்கும் அழைக்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் பதிவில் இருக்கும் நம்பரில் பேசுங்கள், முடிந்தால் ஆளை நேரில் வரச் சொல்லி ரத்து செய்த செக் இலையை வாங்குங்கள். ஊழியர் பெயரில் போலி மெயில் அனுப்பிச் சம்பளத்தைத் திருப்பிவிடும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. இதற்கு பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஒன்றும் செய்யாது.

அதே நிறுவனம்: வேலையை விட்டுப் போகிறவரின் கடைசிச் சீட்டு?

ஆபீஸ் மெயிலை முடக்குவதற்கு முன்னால் அவருடைய சொந்த மெயில் முகவரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளையும் அப்போதே இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டு லோனுக்கு மூன்று மாதச் சீட்டு கேட்டு ஆறு மாதம் கழித்து உங்களுக்குத்தான் போன் வரும்.