தொப்பூர் இறக்கமும் தேய்ந்த பிரேக் பேடும்

கேள்வி: வாரத்தில் மூன்று நாட்கள் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்திற்குக் காரில் சென்று வருகிறேன். ஒரு மாதமாகப் பிரேக்கை மிதிக்கும்போது முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வருகிறது. பேட் தேய்ந்துவிட்டதாகப் பட்டறையில் சொன்னார்கள். அவற்றை வீட்டிலேயே நானே மாற்றலாமா?
– வாசகர், நல்லம்பள்ளி

பதில்: மாற்றலாம். ஆனால், ஒரு மாதம் காத்திருந்ததே அதிகம். பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் உலோக வட்டில்) உரசி ஒலி எழுப்புவதற்கென்றே பல கார்களில் சிறு உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். உராயும் பகுதியின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால், புதிய பேடைப் பொருத்தும் வரை தொப்பூர் இறக்கத்தில் தயவுசெய்து இறங்காதீர்கள்.

சமதளத்தில் காரை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறுதியான ஸ்டாண்டின் மீது காரை இருத்துங்கள். காலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகத்தை) கழற்றினால், அதை பிரேக் ஹோஸில் (ஆயில் வரும் குழாயில்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். புதிய பேட் தடிமனாக இருப்பதால், சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் கருவி) கொண்டு காலிப்பரிலுள்ள பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டியிருக்கும்; அப்போது டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் உயரும் என்பதையும், வழிந்தால் அது பெயின்ட்டை அரித்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். காலிப்பர் நகரும் பின்களுக்கு அதற்குரிய கிரீஸைப் பூசலாம்; பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ துளியும் படக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றினால், ஐயம் எழும்போது கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பலரும் மறந்துவிடுவது இதற்குப் பிறகு வரும் வேலையைத்தான். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால், முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விடும், பிரேக் பிடிக்காது. எனவே காரை நகர்த்தும் முன்பே, பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்து, ஆயில் மட்டத்தையும் சரிபாருங்கள். பின்னர் ஆளில்லாத சமதளச் சாலையில், வேகத்தை 50 கிலோமீட்டரிலிருந்து மெல்லக் குறைத்து, இடைவெளிவிட்டு எட்டுப் பத்து முறை பழக்குங்கள். அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும்.

எவ்வளவு மிதித்தும் பெடல் மெத்தென்றே இருந்தாலும், பிஸ்டன் அருகே ஆயில் கசிந்தாலும், டிஸ்க்கில் ஆழமான கோடுகள் விழுந்திருந்தாலும், காரை வெளியே எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டிற்கு வரவழையுங்கள். சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். அதன் ஷூவை (பேடைப் போல உராயும் பாகத்தை) மாற்றுவது வேறு வகையான வேலை என்பதால், அதைப் பட்டறையிலேயே செய்துகொள்ளுங்கள்.