அந்த 135ஐ வாங்க வேண்டாம், தம்பி

கேள்வி: எனக்கு 27 வயது. கீழக்கரைக்காரன். துபாயில் வேலை. போன குளிர்காலத்தில் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் டேண்டம் ஸ்கைடைவிங் ஒருமுறை செய்தேன். அன்றிலிருந்து அதே நினைப்பு. தனியாகக் குதிக்கக் கற்க வேண்டும். மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் நாடு திரும்புவதால் தன்னுடைய முழு செட்டையும் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். பாராசூட்டில் 135 என்று இருக்கிறது. அதிலுள்ள தானியங்கிக் கருவி 2008இல் தயாரானது. இதுவரை தொந்தரவே கொடுத்ததில்லையாம். என் எடை 72 கிலோ. வாங்கலாமா? எந்தத் தளத்தில் கற்பது? விடுமுறையில் ஊருக்கு வரும்போது அரியமான் கடற்கரைப் பக்கம் பாராமோட்டார் (மோட்டார் விசிறி பூட்டிப் பறக்கும் பாராசூட்) வைத்திருக்கும் ஒருவர் மேலே கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார். கடலில் விழுந்தாலும் எனக்குப் பயமில்லை. நன்றாக நீந்துவேன்; மாமாவுடன் கம்ப்ரசர் காற்றில் சங்கு குளிக்கவும் போயிருக்கிறேன். உம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.
(பெயர் வேண்டாம், கீழக்கரை)

பதில்: தம்பி, வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் போகட்டும், அந்த நஷ்டத்தோடு விட்டுவிடுங்கள். ஸ்கைடைவிங்கில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கற்கும் தளம். சொந்தப் பாராசூட் வாங்குவது கடைசி வேலை. நீங்கள் கடைசி வேலையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள்.

அந்த 135 மாடல் எண் அல்ல. பாராசூட் துணியின் பரப்பு, சதுர அடியில். உங்கள் எடை 72 கிலோ. முதுகில் ஏறும் பை, உடை, ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து இன்னும் பத்துப் பதினொரு கிலோ. ஆக, விமானத்தின் கதவைத் தாண்டுவது 83 கிலோ, ஏறக்குறைய 183 பவுண்டு. இந்தத் துறையில் இன்னமும் பவுண்டும் சதுர அடியும்தான் ஆட்சி செய்கின்றன. 183ஐ 135ஆல் வகுத்துப் பாருங்கள், 1.35க்குச் சற்று மேலே வரும். ஒவ்வொரு சதுர அடித் துணியும் சுமக்க வேண்டிய பவுண்டு அது. புதிதாக உரிமம் பெற்றவருக்கு இந்த எண் 1.0ஐத் தாண்டக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. மாணவருக்கு இன்னும் குறைவாக வைப்பார்கள். உரிமம் வாங்கிய பிறகே உங்களுக்கு 190க்குக் குறையாத துணி வேண்டும் என்றால், பயிற்சிக் காலத்தில் 220, 240 என்று அதைவிடப் பெரியதைத்தான் மாட்டிவிடுவார்கள்.

பெரிய துணி மெதுவாகப் பறக்கும், தவறைப் பொறுத்துக்கொள்ளும். சிறிய துணி வேகமாகப் போகும். கைப்பிடியைக் கொஞ்சம் இழுத்தாலே வெட்டித் திரும்பும், திரும்பும்போது மளமளவென்று உயரத்தை இழக்கும். பாராசூட் திறக்காமல் போவதுதான் இந்த விளையாட்டின் ஆபத்து என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கணிசமான விபத்துகள் ஒழுங்காகத் திறந்த பாராசூட்டின் கீழ், தரைக்குப் பக்கத்தில், யாரோ ஒருவரைத் தவிர்க்கவோ காற்றை எதிர்கொள்ளவோ தாழ்வாகத் திருப்பும்போது நடக்கின்றன. 135 சதுர அடியும் 72 கிலோவும் புதுக் கையும் சேர்ந்தால் நடப்பது அதுதான்.

அடுத்து அந்தத் தானியங்கிக் கருவி. தளத்தில் ஏ.ஏ.டி. என்பார்கள். நீங்கள் மயங்கிப்போனாலோ உயரத்தை மறந்துபோனாலோ, ரிசர்வ் எனப்படும் மாற்றுப் பாராசூட்டை மூடி வைத்திருக்கும் கண்ணியை வெட்டி அதைத் திறந்துவிடுவது அதன் வேலை. 1991இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் இது பரவலானது. அனுபவசாலிகளுக்கான சைப்ரஸ், வினாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருப்பவர் தரையிலிருந்து சுமார் 225 மீட்டருக்கு வந்ததும் வெட்டும். முழு வேகத்தில் விழுபவருக்கு அங்கிருந்து தரை ஐந்து வினாடிகூட இல்லை. இப்படிப்பட்ட கருவி 'தொந்தரவே கொடுத்ததில்லை' என்றால், அதற்கு ஒருமுறையும் வேலை வரவில்லை என்றுதான் பொருள். வேலை வந்தால் செய்யுமா என்பதை விற்பவரின் வாயால் அறிய முடியாது. தயாரிப்பாளர்கள் ஆயுளைக் குறித்தே விற்கிறார்கள். மாடலைப் பொறுத்து 15 ஆண்டு, 20 ஆண்டு என்று வரும். 2008இல் தயாரானது ஆயுள் முடிந்ததாக இருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். பாதி விலை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

உடலில் பூட்டும் பட்டைகளும் அவர் அளவுக்குத் தைத்தவை. ரிசர்வை அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒருமுறை சான்று பெற்ற ரிக்கர் பிரித்துப் பார்த்து மடித்து, அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்றைக்காவது பழைய செட் வாங்கும் நாள் வந்தால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பிறகு, விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு ரிக்கரிடம் முழுவதையும் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.

படிக்கும் காலத்தில் எல்லாம் தளமே தரும். இப்போது பரவலாக இருக்கும் முறையில் முதல் சில குதிப்புகளில் இரண்டு பயிற்சியாளர்கள் இரு பக்கமும் உங்களைப் பிடித்தபடி கூடவே விழுவார்கள், பிறகு ஒருவர், பிறகு தனியாக. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் நிலையான ஏ உரிமத்துக்குக் குறைந்தது 25 குதிப்பு வேண்டும். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வாடகைக்கு எடுத்துக் குதியுங்கள். உங்களுக்கு எந்த அளவு ஒத்துவருகிறது என்பது அப்போதுதான் தெரியும். கை அரிக்கிறது, எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் தலைக்குப் பொருந்தும் கெட்டி ஹெல்மெட், கண்ணாடி, மணிக்கட்டில் கட்டும், முள் வைத்து உயரம் காட்டும் அல்டிமீட்டர். காலணி கொக்கி இல்லாததாக இருக்கட்டும். கொக்கியில் பாராசூட் கயிறு மாட்டும். கேமராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 200 குதிப்புக்கு முன் ஹெல்மெட்டில் கேமரா வேண்டாம் என்பது அதே சங்கத்தின் பரிந்துரை. கேமராவுக்கு முகம் காட்டுபவன் அல்டிமீட்டரைப் பார்க்க மறப்பான்.

நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவர் ராணுவத்தில் இருந்தவர். 'இதற்கு இவ்வளவு படிப்பா? கொக்கியை மாட்டிவிட்டுக் குதித்தால் தானாகத் திறக்கும்' என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்வது தாழப் பறக்கும் விமானத்திலிருந்து வட்டப் பாராசூட்டில் குதிக்கும் படைவீரர் பயிற்சி. அது வேறு கலை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்கே கற்பது என்பதற்கு நீங்கள் தேடி அலையத் தேவையில்லை. ஸ்கைடைவ் துபாய்க்கு இரண்டு இடங்கள் உண்டு: பாம் ஜுமைராவை ஒட்டிய கடலோரத் தளம் ஒன்று, பாலைவனத் தளம் இன்னொன்று. புதியவர்களுக்குப் பயிற்சி பாலைவனத்தில். காரணம் வெளிப்படை: திசை தவறினாலும் இறங்குவதற்கு மணல்வெளி இருக்கிறது. காற்றை வேகமாக மேல்நோக்கி ஊதி உங்களை மிதக்கவைக்கும் காற்றுச் சுரங்கமும் துபாயில் உண்டு. ஒரு குதிப்பில் கிடைக்கும் சுதந்திர வீழ்ச்சி ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அங்கே பத்து நிமிடம் பழகினால் உடம்பை நிலையாக வைத்துக்கொள்ளும் வித்தை சீக்கிரம் பிடிபடும், பணமும் மிச்சம். இந்தியாவில் என்றால் ஹரியானாவின் நார்னௌல் விமான ஓடுதளத்தில் குதிப்பு நடக்கிறது. தாய்லாந்தின் பட்டாயாவுக்குப் போய்க் கற்று வரும் இந்தியர்களும் உண்டு.

எதுவானாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒரு விடுமுறை நாள் முழுக்க அங்கே சும்மா உட்கார்ந்து பாருங்கள். விளம்பரப் படங்கள் சொல்லாததை அந்த ஒரு நாள் சொல்லிவிடும். பாராசூட் மடிக்கும் இடம் எப்படி இருக்கிறது? மாணவர் இறங்கியதும் பயிற்சியாளர் உட்காரவைத்துப் பேசுகிறாரா, அல்லது அடுத்த வாடிக்கையாளருக்கு ஓடுகிறாரா? பயிற்சியாளரின் தகுதிச் சான்று இந்த ஆண்டுக்குச் செல்லுபடியாகிறதா? கேட்டால் முகம் சுளிக்கிறார்களா? எல்லாவற்றையும்விட முக்கியம், காற்று கூடும்போது என்ன செய்கிறார்கள் என்பது. மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கச் சங்கத்தின் விதி. நம் கணக்கில் 22 கிலோமீட்டர் சொச்சம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் ரயிலை நிறுத்துவார்கள். அதில் பாதிக்கும் குறைவான காற்று உங்களைத் தரையில் உட்காரவைக்கப் போதும். பணம் கட்டிய இருபது பேர் வரிசையில் நிற்க, 'இன்று மாணவர்கள் யாரும் ஏற வேண்டாம்' என்று சொல்லத் துணிவுள்ள தளம்தான் உங்களுக்கு வேண்டும். அப்படி ஒரு மறுப்பை நேரில் பார்க்கும்வரை எந்தத் தளத்தையும் முழுதாக நம்பாதீர்கள். நான் கண்டிப்பாகப் பேசுவதாகத் தோன்றினால் தோன்றட்டும்.

இனி அரியமான். அந்தப் பாராமோட்டார்க்காரரின் எண்ணை அழித்துவிடுங்கள். சில மைல் தள்ளி உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம், ஐ.என்.எஸ். பருந்து, 2009 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. அதன் வாசலில், இலங்கைக் கடல் எல்லைக்கு இவ்வளவு அருகில், அனுமதியில்லாமல் ஆகாயத்திலிருந்து குதிப்பவரை வரவேற்க வருபவர்கள் மாலையோடு வரமாட்டார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இடமே சரியில்லை. அரியமான் பாக் நீரிணைப் பக்கம், வடக்கு பார்த்த கரை. கச்சானும் சோழகமும் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். வாடை வீசும் மாதங்களில் கடலிலிருந்து கரைக்குத் தள்ளும். கரையில் சவுக்கு, அதற்குப் பின்னால் பனை, மின்கம்பி, சீமைக் கருவேல முள். மாணவருக்கு வேண்டிய திறந்தவெளி அங்கே எந்தப் பருவத்திலும் இல்லை.

கடலில் விழுந்தால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலையில் கால் சிக்கியவனுக்கு நீச்சல் எவ்வளவு உதவும் என்று மாமாவிடம் கேளுங்கள். தண்ணீரில் இறங்கியதும் உங்கள் மேல் விரிவது இருநூறு சதுர அடி ஈரத்துணி, அதைச் சுற்றிக் கயிறுகள். கொஞ்சம் காற்று இருந்தால் துணி மறுபடி உப்பி உங்களை இழுத்துக்கொண்டு போகும். கடல்மேல் உயரமும் கண்ணுக்குப் பிடிபடாது. இன்னும் இரண்டாள் உயரம்தான் என்று நினைத்துப் பாராசூட்டைக் கழற்றிவிட்டு, பனைமர உயரத்திலிருந்து விழுந்தவர்கள் உண்டு. அதனால்தான் கால் நனையும்வரை கழற்றாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். குதிக்கும் இடமோ பாராசூட் திறக்கும் இடமோ இறங்கும் இடமோ திறந்த நீரிலிருந்து ஒரு மைலுக்குள் இருந்தால் மிதவைச் சாதனம் கட்டாயம் என்கிறது அதே அமெரிக்கச் சங்கத்தின் விதி. மண்டபம் முனையில் நின்று பாருங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒரு மைலுக்குள் கடல். ஸ்பெயினின் எம்புரியாபிராவா போலக் கடலோரத்தில் நடக்கும் பெரிய தளங்களும் உலகில் இருக்கின்றன; காற்றையும் கடலையும் கணக்கிட்டுக் குதிப்பை நடத்த அங்கே ஓர் அமைப்பு இருக்கிறது. அரியமானில் உங்களுக்கு இருப்பது பாராமோட்டார்க்காரரின் வாக்குறுதி மட்டும்.

உம்மாவிடம் முதல் வகுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கூடவே உங்கள் ஆயுள் காப்பீட்டிலும் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டிலும் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் அப்படி ஒரு வரி இருக்கும்.

நீங்கள் கேட்காமலே கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒன்றுதான் என்னை உறுத்துகிறது: கம்ப்ரசர் காற்று. மூச்சடக்கிச் சங்கு குளிப்பது வேறு. கம்ப்ரசர் காற்றைச் சுவாசித்தபடி ஆழத்தில் இருந்தால் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகும் அது முழுதாக வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் உயரம் ஏறினால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழியிட்டு மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமாவது, பலமுறை அல்லது பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது என்பது முக்குளிப்பவர்களுக்கான பொதுப் பரிந்துரை. அதுவும் உள்ளே காற்றழுத்தம் சீராக்கப்பட்ட பயணிகள் விமானத்துக்கு. குதிக்கும் விமானம் அப்படிப்பட்டதல்ல, 13,000 அடி வரை ஏறும். சங்கு குளித்த நாளுக்கும் குதிக்கும் நாளுக்கும் இடையில் இரண்டு முழு நாளாவது விடுங்கள். இடைவெளியில் மூட்டுவலியோ மரமரப்போ இருந்தால் குதிப்பை மறந்துவிட்டு மருத்துவரிடம் போய், கம்ப்ரசரில் மூழ்கியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். விடுமுறை முடிந்து துபாய்க்கு விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளும் மாமாவின் படகில் போகாதீர்கள்.