சஸ்பெண்ட் செய்த கார்டு எப்போது மந்திரமாகிறது?

கேள்வி: ‘மேஜிக்: தி கேதரிங்’ கார்டு ஆட்டத்தில் என் மூன்றாவது முறையில் (டர்ன்) ஒரு சிவப்பு மானா (நிலக் கார்டுகள் தரும் ஆற்றல்) செலுத்தி, மூன்று சேதம் விளைவிக்கும் ‘ரிஃப்ட் போல்ட்’ கார்டை சஸ்பெண்ட் செய்தேன், அதாவது பின்னர் ஏவுவதற்காக ஒதுக்கி வைத்தேன். அது எதைத் தாக்கும் என்பதை அப்போதே அறிவிக்க வேண்டும் என்றார் எதிராளி; பிறகு ‘கவுண்டர்ஸ்பெல்’ போட்டு அதை ரத்து செய்துவிட்டதாகவும் சொன்னார். அவர் செய்தது சரியா? அடுத்த முறையில் புதிய கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு அந்த மந்திரத்தை ஏவ எனக்கு உரிமை உண்டா?

பதில்: முதல் இரண்டிலும் எதிராளி சொன்னது தவறு, மூன்றாவதில் நீங்கள் எதிர்பார்ப்பது நடக்காது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: சஸ்பெண்ட் செய்வதும் மந்திரத்தை ஏவுவதும் தனித்தனி நிகழ்வுகள்.

2006இல் வெளிவந்த ‘டைம் ஸ்பைரல்’ தொகுப்பில் அறிமுகமான இத்திறனின்படி, கையிலுள்ள கார்டை ஏவத் தொடங்கக்கூடிய நேரத்தில், அதன் வழக்கமான விலைக்குப் பதிலாக சஸ்பெண்ட் விலையைச் செலுத்தி, கார்டில் குறிப்பிட்டுள்ள எண்ணிக்கையில் (ரிஃப்ட் போல்ட்டுக்கு ஒன்று) நேரக் கவுண்டர்களை, அதாவது காத்திருப்பை எண்ணும் அடையாளங்களை, வைத்து, எல்லோரும் பார்க்கும்படி எக்ஸைலில் (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கிய கார்டுகளின் இடம்) வைக்கிறீர்கள். இது விதிப்புத்தகம் ‘சிறப்புச் செயல்’ என்று வகைப்படுத்தும் ஒன்று. ஸ்டாக்கில் (ஏவிய மந்திரங்களும் திறன்களும் நிறைவேறக் காத்திருக்கும் வரிசை) எதுவும் ஏறுவதில்லை; ஆகவே எதிராளி பதில் நடவடிக்கை எடுப்பதற்கு அங்கே ஒரு பொருளே இல்லை. கவுண்டர்ஸ்பெல் ஸ்டாக்கில் உள்ள மந்திரத்தை மட்டுமே ரத்து செய்யும். ஏவப்படாத கார்டுக்கு இலக்கும் தேவையில்லை. களத்தில் தகுந்த இலக்கு எதுவுமே இல்லாத நேரத்திலும் சஸ்பெண்ட் செய்யலாம். ஆனால் அந்தக் கார்டை ஏவக்கூடாது என்று ஏதேனும் ஒரு விளைவு உங்களைத் தடுத்துக்கொண்டிருந்தால் சஸ்பெண்டும் செய்ய முடியாது. ரிஃப்ட் போல்ட் ஒரு சோர்சரி (சொந்த முறையில் மட்டும் ஏவக்கூடிய மந்திர வகை) என்பதால், உங்கள் மெயின் ஃபேஸில் (முறையின் முதன்மைக் கட்டம்), ஸ்டாக் காலியாக இருக்கும்போது மட்டுமே அதை சஸ்பெண்ட் செய்யலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி அடுத்த முறைக்கு வருவோம். கார்டுகளை நிமிர்த்தும் கட்டம் முடிந்து, கார்டு எடுப்பதற்கு முந்தைய கட்டமான அப்கீப் தொடங்கும்போது, ஒரு நேரக் கவுண்டரை எடுக்கும் திறன் தானாகத் தூண்டப்பட்டு ஸ்டாக்கில் ஏறுகிறது. அது நிறைவேறிக் கடைசிக் கவுண்டரும் போய்விட்டால் இரண்டாவது திறன் தூண்டப்படுகிறது. அது நிறைவேறும் வேளையிலேயே, மானா விலை செலுத்தாமல், நீங்கள் கார்டை ஏவலாம். சோர்சரி என்ற வகை காரணமாக வரும் நேரக் கட்டுப்பாடு இங்கே பொருந்தாது. இலக்கைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணத்தில்தான். இவை யாவும் அப்கீப்பிலேயே, அதாவது அந்த முறைக்கான கார்டை எடுப்பதற்கும் புதிய நிலத்தை வைப்பதற்கும் முன்பே, நடந்து முடிகின்றன. ஏவுவதைத் தள்ளிப்போட வழியில்லை. பழைய கார்டுகளில் அச்சிட்டுள்ள விளக்கம் ஏவியே ஆகவேண்டும் என்பதுபோல் ஒலித்தாலும், இன்றைய விதி ஏவாமல் விடவும் அனுமதிக்கிறது. ஆனால் அப்படி விட்ட கார்டு எக்ஸைலிலேயே தங்கிவிடும்.

ஏவிய பிறகு அது மற்ற மந்திரங்களைப் போன்ற ஒரு மந்திரமே. எதிராளி தம் கவுண்டர்ஸ்பெல்லை அப்போது போட்டிருந்தால் அது முறையான ஆட்டம். அவருக்கு ஒரு முழு முறை முன்னறிவிப்பு கிடைத்துவிடுகிறது என்பதே சஸ்பெண்டின் உண்மையான விலை என்பேன். எந்தக் கணத்தில் என்ன வரும் என்று தெரிந்தவர் அதற்கென இரண்டு நீல மானாவை ஒதுக்கி வைப்பார். ‘ஸ்பெல் பியர்ஸ்’ போல, கூடுதலாக இரண்டு மானா செலுத்தாவிட்டால் ரத்து என்னும் கார்டுகள் இங்கே இன்னும் கூர்மையானவை. முதல் முறையில் சஸ்பெண்ட் செய்த ரிஃப்ட் போல்ட் இரண்டாவது முறையின் அப்கீப்பில் ஏவப்படும்போது பெரும்பாலும் உங்களிடம் ஒரே ஒரு நிலம்தான் இருக்கும். ஆகவே, கையில் மூன்று மானாவும் எதிராளியிடம் மூன்றோ அதற்குக் குறைவாகவோ உயிர்ப்புள்ளிகளும் இருந்து, அவருடைய நிலங்கள் டேப் ஆகி (மானாவுக்குப் பயன்படுத்தப்பட்டுச் சாய்ந்து) கிடந்தால், சிக்கனம் பார்க்காமல் முழு விலை கொடுத்து உடனே ஏவுங்கள்.

சஸ்பெண்ட் விலை ஒரு மானாதான் என்பதால் கார்டின் மானா மதிப்பும் (அச்சிட்ட மானா விலையின் மொத்தம்) ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ரிஃப்ட் போல்ட்டின் மானா மதிப்பு எப்போதும் மூன்று. தன்மீதுள்ள கவுண்டர்களின் எண்ணிக்கைக்குச் சமமான மானா மதிப்புள்ள மந்திரங்களை ரத்து செய்யும் ‘சாலிஸ் ஆஃப் தி வாய்ட்’ கார்டை எதிராளி ஒரு கவுண்டருடன் வைத்திருந்தாலும் அது ரிஃப்ட் போல்ட்டைத் தொடாது. மாறாக, நீல நிற ‘ஆன்செஸ்ட்ரல் விஷன்’ கார்டுக்கு மானா விலையே கிடையாது. அதன் மதிப்பு பூச்சியம், எனவே கவுண்டர் ஏதுமின்றி வைக்கப்பட்ட சாலிஸ்கூட அதை ரத்து செய்துவிடும். (1993இல் ஒரு நீல மானாவுக்கு மூன்று கார்டு கொடுத்த ‘ஆன்செஸ்ட்ரல் ரீகால்’ அளவுமீறிய வலிமையுடையது என்று ஆனபின், அதே மூன்று கார்டுகளை நான்கு முறை காக்கவைத்துத் தருவதே இந்தக் கார்டு. தொடக்கக் கையில் வந்தால் பொக்கிஷம். பத்தாவது முறையில் வந்தால் வெறும் காகிதம்.)

கூடுதல் செலவுகளின் கணக்கும் இதே வேறுபாட்டைப் பின்பற்றுகிறது. ‘தாலியா, கார்டியன் ஆஃப் த்ரேபன்’ களத்தில் இருந்தால் உயிரினம் அல்லாத மந்திரங்களுக்கு ஒரு மானா கூடுதலாக ஆகும். சஸ்பெண்ட் செய்யும்போது அந்த வரி இல்லை. அப்கீப்பில் ஏவும்போது உண்டு. இலவசம் என்பது மானா விலைக்கு மட்டும்தான். உயிரினம் அல்லாத மந்திரத்தை நீங்கள் ஏவும்போது வலுப்பெறும் ‘ப்ரௌஸ்’ திறனுள்ள உயிரினம் வலுப்பெறுவதும் ஏவும்போதே தவிர, சஸ்பெண்ட் செய்யும்போது அல்ல.

கவுண்டர்ஸ்பெல்லை விட நீங்கள் அஞ்ச வேண்டியவை இரண்டு. முதலாவது ‘டெஃபெரி, டைம் ராவலர்’ என்னும் பாத்திரக் கார்டு. அவர் எதிரணியில் இருக்கும்வரை, சோர்சரி ஏவக்கூடிய நேரத்தில் மட்டுமே நீங்கள் எந்த மந்திரத்தையும் ஏவலாம். சஸ்பெண்ட் கார்டு ஏவப்படுவதோ அப்கீப்பில், ஒரு திறன் நிறைவேறிக்கொண்டிருக்கும் இடையில்; அது சோர்சரிக்கான நேரம் அல்ல. கார்டின் வகையால் வரும் கட்டுப்பாட்டைத்தான் சஸ்பெண்ட் மீறும், டெஃபெரி விதிக்கும் தடையை அல்ல. கவுண்டர் தீர்ந்த கார்டு எக்ஸைலிலேயே முடங்கும். எனவே கடைசிக் கவுண்டர் போவதற்குள் டெஃபெரியை வீழ்த்தப் பாருங்கள். இரண்டாவது ‘ஸ்டைஃபிள்’. மந்திரத்தை அன்றி, தூண்டப்பட்ட திறனை ரத்து செய்யும் கார்டு இது. கவுண்டரை எடுக்கும் திறன்மீது அதைப் போட்டால் உங்களுக்கு ஒரு முறை மட்டுமே தாமதம்; கடைசிக் கவுண்டர் போனபின் வரும் திறன்மீது போட்டால் கார்டு திரும்பவே திரும்பாது. விவரம் அறிந்த எதிராளி இரண்டாவதற்காகவே காத்திருப்பார்.

கவுண்டர்கள் அப்கீப்பில் மட்டும்தான் குறையும் என்பதும் இல்லை. ‘கிரேட்டர் கார்கடான்’ என்னும் உயிரினக் கார்டு பத்துக் கவுண்டர்களுடன் எக்ஸைலில் இருக்கும்போது, உங்கள் உயிரினம், நிலம் அல்லது ஆர்ட்டிஃபாக்ட் (கருவிப் பொருள் வகைக் கார்டு) ஒன்றைப் பலியிடும் ஒவ்வொரு முறையும் ஒரு கவுண்டரை எடுக்கலாம். எதிராளியின் முறையிலும் இதைச் செய்யலாம். அவர் தாக்குதலை அறிவிக்கும் முன் கடைசிக் கவுண்டரை எடுத்துவிட்டால், 9/7 அளவுள்ள (தாக்குவலு 9, தாங்குதிறன் 7) அந்த உயிரினம் அப்போதே களமிறங்கித் தடுத்து நிற்கும்.

போட்டிகளில், நீங்கள் மறந்த தூண்டலை எதிராளி உங்களுக்கு நினைவூட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. கவுண்டர்களைக் காட்ட சஸ்பெண்ட் கார்டின்மீது ஒரு பகடையையும், அப்கீப்பை மறந்து கார்டு எடுத்துவிடாமலிருக்க உங்கள் டெக்கின்மீது இன்னொரு பகடையையும் வைத்துக்கொள்ளுங்கள்.